பேஷண்ட் சரியில்லன்னு மனசுல படுதா? அதை டாக்டர் காதுல எப்படி ஏத்தறது

பேஷண்ட் முகத்த பாத்தவுடனே என்னமோ சரியில்லன்னு தோணும், ஆனா பிபி பாத்தா 118/76, சாச்சுரேஷன் 97, காய்ச்சலும் இல்ல. இப்ப டாக்டரை கூப்பிடறதா வேணாமா? கூப்பிட்டா "எல்லாம் நார்மலா தானே இருக்கு, எதுக்கு போன் பண்றீங்க"ன்னு கேப்பாரோன்னு பயம், கூப்பிடாம விட்டா ஏதாவது ஆயிடுமோன்னு பயம், சரி ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ பிபி பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு விட்டுடறோம். அந்த ஒரு மணி நேரத்த பத்தி தான் இதுல பெரும்பாலும் எழுதப்போறேன், ஏன்னா வார்டுல நல்லா வேலை தெரிஞ்ச சிஸ்டர்ஸ் கூட தடுமாறுறது அங்க தான்.

நான் சொல்ல வர்றது ஒன்னு தான். உறுதியா தெரிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு காத்திருக்காதீங்க. என்ன நோய்னு கண்டுபிடிச்சு சொல்ற பொறுப்பு உங்களுக்கு இல்ல, பேஷண்ட் மாறிட்டார்னு முதல்ல கவனிச்சு, அத அடுத்தவங்க எழுந்து வர்ற அளவுக்கு தெளிவா சொல்றது தான் உங்க பொறுப்பு. கவனிக்கறது ஒரு திறமை, பேசறது வேற திறமைன்னு பிரிச்சு பாக்கறாங்க, வார்டுல ரெண்டும் ஒரே வேலை தான், நீங்க கவனிச்சது உங்க மனசுக்குள்ளயே இருந்தா பேஷண்டுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் கிடையாது.

முதல்ல, தோணுனதுக்கு ஒரு உருவம் கொடுங்க

"என்னமோ சரியில்ல"ன்னு தோணுறது சும்மா வர்றதில்ல. கண்ணு ஏதோ பாத்திருக்கு, மூளை அதுக்கு இன்னும் பேர் வைக்கல, அவ்ளோ தான். அந்த பேரை தேடுறதுக்கு ரெண்டு நிமிஷம் பெட் பக்கத்துல நில்லுங்க.

மூச்சுல ஆரம்பிங்க. ஒரு முழு நிமிஷம் வாட்ச் பாத்து எண்ணுங்க, 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க, பழைய சார்ட்ல இருக்கற 18, 20ஐ பாத்து அப்படியே எழுதவே எழுதாதீங்க. உடம்பு மோசமாகும்போது பல சமயம் முதல்ல மாறுறது மூச்சு தான், ஆனா வார்டுல ரொம்ப அலட்சியமா பதிவாகறதும் அதே தான், எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் உண்டு. நீங்க எண்ணுறீங்கன்னு தெரிஞ்சா பேஷண்ட் மூச்சை மாத்திப்பார், அதனால பல்ஸ் பாக்கற மாதிரி கையை பிடிச்சுக்கிட்டே நெஞ்ச பாத்து எண்ணுங்க. கையை பிடிக்கறதுல இன்னொரு லாபம், சில்லுன்னு இருக்கா, வேர்த்திருக்கான்னும் அப்பவே தெரிஞ்சுடும்.

அடுத்தது, ஒரு நம்பரை தனியா பாக்காதீங்க, வரிசையா பாருங்க. பல்ஸ் 78, அப்புறம் 92, இப்ப 108. தனித்தனியா பாத்தா ஒன்னும் பயமுறுத்தாது, சேத்து பாத்தா ஏதோ நடக்குது. ஆபரேஷன் ஆன பேஷண்டுக்கு உள்ள ரத்தம் கசிஞ்சா பல சமயம் முதல்ல பல்ஸ் ஏறும், பிபி ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும், அதுவும் சின்ன வயசுக்காரங்களுக்கு கடைசி வரைக்கும் நல்லா இருந்துட்டு திடீர்னு விழும், அதனால பிபி நல்லா இருக்குன்னு சமாதானம் ஆகிடக்கூடாது. இன்னொரு பக்கம், பீட்டா ப்ளாக்கர் மாத்திரை (பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கறது, பல்ஸை குறைக்கும்) சாப்பிடறவங்களுக்கு பல்ஸ் ஏற வேண்டிய நேரத்துல ஏறாது. வயசானவங்களுக்கு பெரிய இன்ஃபெக்ஷன் இருந்தும் காய்ச்சல் வராம இருக்கலாம், சாப்பிடாம இருப்பாங்க, குழம்பி பேசுவாங்க, இல்ல சும்மா சுருண்டு படுத்திருப்பாங்க. அமைதியா படுத்திருக்கறவர தொந்தரவில்லாத பேஷண்ட்னு நினைச்சு கடந்து போயிடறோம், அப்படி அமைதியா இருக்கற டெலிரியம் (உடம்பு சரியில்லாததால திடீர்னு வர்ற மனக்குழப்பம்) தான் கண்ணுக்கு தப்பும்.

யூரின் பையையும் பாருங்க. பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது வரணும், அதாவது 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. அதுக்கு கீழ போனா ட்யூப் மடங்கியிருக்கா அடைச்சிருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா அதுவும் சொல்ல வேண்டிய விஷயம் தான்.

மார்ஃபின் மாதிரி மருந்து போயிட்டிருக்கற பேஷண்டுக்கு தூக்கத்த கவனிங்க. மூச்சு குறையறதுக்கு முன்னாடியே அளவுக்கு மீறின மயக்கம் வரும், பேசிக்கிட்டிருக்கும்போதே கண்ணு சொருகும். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தா சாச்சுரேஷன் 98னு காட்டிட்டே இருக்கும், உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறிட்டிருக்கறது அதுல தெரியாது. இங்க மெஷினை விட நீங்க தட்டி எழுப்பி பேச வெச்சு பாக்கறது தான் பெரிய டெஸ்ட். சுயநினைவு மாறுன யாரா இருந்தாலும் சுகர் ஒரு தடவ பாத்துடுங்க, 70க்கு கீழ இருந்தா அதுக்கான வேலைய உடனே ஆரம்பிச்சுடலாம்.

இதையெல்லாம் ஒன்னா சேத்து பாக்கறதுக்கு தான் ஸ்கோர் இருக்கு. இங்கிலாந்துல ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012ல கொண்டுவந்த நியூஸ் (நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்), 2017ல திருத்தி நியூஸ் 2 ஆச்சு. மூச்சு, சாச்சுரேஷன், ஆக்சிஜன் போகுதா இல்லையா, டெம்பரேச்சர், மேல் பிபி, பல்ஸ், சுயநினைவு, இந்த ஏழுக்கும் மார்க். மொத்தம் 5 வந்தா அவசரமா டாக்டர் பாக்கணும், 7 இல்ல அதுக்கு மேலன்னா எமர்ஜென்சி டீம். ஏதாவது ஒன்னுல மட்டும் 3 வந்தாலும் டாக்டருக்கு சொல்லணும். புதுசா வந்த குழப்பத்துக்கு மட்டும் 3 மார்க்னு 2017ல சேத்தாங்க, "எங்கப்பா இப்படி பேசமாட்டாரே"ன்னு மகள் சொல்றது எவ்ளோ பெரிய தகவல்னு இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம். (இந்த ஸ்கோர் பெரியவங்களுக்கு தான், குழந்தைங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேற சார்ட்.) உங்க ஆஸ்பத்திரில வேற ஸ்கோர் இருந்தா அதை வெச்சுக்கோங்க. ஆனா ஸ்கோர் 2 தான் வருது, மனசு மட்டும் ஒத்துக்கலன்னா, மனசு பக்கம் நில்லுங்க. கூடினா கூப்பிடணும்ங்கறதுக்கு தான் ஸ்கோர், குறைவா இருக்கறதால கூப்பிடக்கூடாதுன்னு அதுல எங்கயும் இல்ல.

ஒரே நேரத்துல மூணு பேர் கூப்பிட்டா யார்கிட்ட முதல்ல போறதுன்னு ஜூனியர்ஸ் நிறைய கேப்பாங்க. மூச்சு, ரத்த ஓட்டம், சுயநினைவு இதுல கை வெச்ச பிரச்சனை முதல்ல. அதுக்குள்ளயும் பழைய வலிய விட புதுசா வந்த வலி முன்னாடி. நாலு நாளா இருக்கற மூட்டு வலியும் இப்ப பத்து நிமிஷமா இருக்கற நெஞ்சு வலியும் ஒன்னு கிடையாது. போக முடியாத ரெண்டு பேருக்கும் "இன்னும் பத்து நிமிஷத்துல வர்றேன்"னு சொல்லிட்டு போங்க, இல்ல இன்னொருத்தர அனுப்புங்க, எதுவும் சொல்லாம ஓடாதீங்க.

போனை எடுக்கறதுக்கு முன்னாடி

பேஷண்டுக்கு நினைவே இல்ல, மூச்சில்ல, பல்ஸ் இல்லன்னா கீழ சொல்றதெல்லாம் விட்டுடுங்க, கத்தி ஆள கூப்பிடுங்க, கோட் (உயிர் காக்கற டீமை கூப்பிடற எமர்ஜென்சி அறிவிப்பு) அறிவிச்சு சிபிஆர் ஆரம்பிங்க. மத்த நேரத்துல ரெண்டு நிமிஷம் ரெடி பண்ணிக்கோங்க. கேஸ் ஷீட் கையில, இப்ப எடுத்த வைட்டல்ஸ் (காலைல எடுத்தது இல்ல, இப்ப எடுத்தது), கடைசி ரத்த ரிசல்ட், ஓடிட்டிருக்கற டிரிப், அலர்ஜி, என்னென்ன மருந்து எத்தன மணிக்கு கொடுத்தோம். போன்ல டாக்டர் ஒன்னு கேட்டு நீங்க "இருங்க பாத்துட்டு வர்றேன்"னு ஓடினா அவருக்கு உங்க மேல இருக்கற நம்பிக்கை அங்கயே பாதி போயிடும். அதுக்காக ஒன்னு கிடைக்கலன்னு போன் பண்ணாம உக்காந்துடாதீங்க, கிடைச்ச வரைக்கும் வெச்சு கூப்பிடுங்க.

எந்த டாக்டர், எந்த பேஷண்ட்னு ஒரு தடவ சரிபாத்துக்கோங்க. ஒரே பேர்ல ரெண்டு பேஷண்ட் இருந்தா அதை வாயத் திறந்ததும் சொல்லிடுங்க.

போன்ல என்ன பேசறது

எஸ்பார்னு படிச்சிருப்பீங்க. அமெரிக்க கடற்படையோட அணுசக்தி நீர்மூழ்கி கப்பல்ல இருந்து வந்த முறை அது, அப்புறம் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள்ல எடுத்து நோயாளிங்க விஷயத்துக்கு மாத்தினாங்க. நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கறேன், எனக்கு என்ன வேணும். நாலே கேள்வி. பரிட்சைல எல்லாரும் எழுதிடறோம், ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல பேசும்போது தான் வரமாட்டேங்குது, அதுவும் முக்கியமா கடைசி ரெண்டும் தொண்டைலயே நின்னுடும்.

பொதுவா போன் இப்படி போகும்: "சார், 12ம் பெட் சிஸ்டர் பேசறேன் சார், அவருக்கு நேத்து சர்ஜரி ஆச்சுல்ல சார், கொஞ்சம் டல்லா இருக்கார், பல்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி, பிபி ஓகே தான், ட்ரெயின் கொஞ்சம் வந்திருக்கு சார்." (ட்ரெயின்னா ஆபரேஷன் ஆன இடத்துல இருந்து கசியறத வெளிய எடுக்க வெச்சிருக்கற குழாய்.) இதுல எத்தன "கொஞ்சம்" இருக்குன்னு பாருங்க. தூக்கத்துல இருந்து எழுந்தவர் "சரி, வாட்ச் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு படுத்துடுவார், அவரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, வான்னு யாரும் அவர்கிட்ட சொல்லவே இல்லயே.

அதே பேஷண்ட், இப்படி சொல்லிப்பாருங்க:

"டாக்டர், நான் சர்ஜிக்கல் வார்டு நர்ஸ் பேசறேன். 12ம் பெட் பேஷண்டுக்கு உள்ள ரத்தம் கசியுதோன்னு எனக்கு கவலையா இருக்கு, நீங்க இப்ப வந்து பாக்கணும். 54 வயசு, நேத்து குடல் ஆபரேஷன். நாலு மணி நேரத்துல பல்ஸ் 84ல இருந்து 96, இப்ப 112. பிபி 128/80 இருந்தது இப்ப 104/74. மூச்சு 24, சாச்சுரேஷன் ஆக்சிஜன் இல்லாம 96, காய்ச்சல் இல்ல, நல்லா பேசறார். நியூஸ் ஸ்கோர் 5. ட்ரெயின்ல ஒரு மணி நேரத்துல 180 மில்லி, நல்ல சிவப்பு. யூரின் கடைசி ரெண்டு மணி நேரத்துக்கும் சேத்து 35 மில்லி தான், எடை 60 கிலோ. வயிறு முன்ன விட இறுகியிருக்கு, கை சில்லுன்னு இருக்கு. பத்து நிமிஷத்துல வர முடியுமா? அதுக்குள்ள ஹீமோகுளோபினுக்கும் க்ராஸ் மேட்ச்சுக்கும் ரத்தம் எடுத்துடவா, டிரிப் எவ்ளோ வேகத்துல விடட்டும்?"

(க்ராஸ் மேட்ச்னா ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி பொருத்தம் பாக்கறது.) ஒரு நிமிஷம் கூட ஆகாது. வேணுங்கறத முதல் வரிலயே சொல்லியாச்சு, கடைசிலயும் சொல்லியாச்சு. எஸ்பார் வரிசைப்படி கேக்கறது கடைசில தான் வரணும், ஆனா ராத்திரி போனுக்கு முதல்லயே ஒரு தடவ சொல்லிடறது தான் நல்லதுன்னு நான் நினைக்கறேன், ஏன்னா எதுக்காக கேக்கறோம்னு தெரிஞ்சா தான் கேக்கறவர் நம்பர்களை கவனமா கேப்பார்.

"ரத்தம் கசியுதோ"ன்னு நர்ஸ் சொல்லலாமான்னு சில பேருக்கு சந்தேகம் வரும். சொல்லலாம். அது டயக்னோசிஸ் இல்ல, உங்க கவலை எந்த பக்கம்னு காட்டறது. அதுவும் தெரியலன்னா "என்னன்னு தெரியல, ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி இல்ல, மோசமாயிட்டே போறார்"னு சொல்லுங்க, அது முழு வாக்கியம் தான், அதுல குறை ஒன்னும் இல்ல.

மரியாதை பத்தி ஒரு வார்த்தை. நம்ம பேச்சுல பெரியவங்ககிட்ட கேக்கறத குறைச்சு கேக்கற பழக்கம் உண்டு, "முடிஞ்சா ஒரு தடவ வந்து பாத்தா நல்லா இருக்கும் சார்" மாதிரி. அவருக்கு அது விருப்பம் இருந்தா வரலாம்னு தான் காதுல விழும். மரியாதைய "சார்", "மேடம்", "ங்க"ல வெச்சுக்கோங்க, குரல்ல வெச்சுக்கோங்க, கேக்கற விஷயத்த மட்டும் குறைக்காதீங்க. "நீங்க இப்ப வந்து பாக்கணும் சார்"ல மரியாதையும் இருக்கு, தெளிவும் இருக்கு. "டிஸ்டர்ப் பண்றதுக்கு சாரி சார்"னு ஆரம்பிக்கறதையும் விட்டுடுங்க, பேஷண்டுக்காக கூப்பிடறதுக்கு சாரி எதுக்கு.

"பாத்துக்கலாம்", "வாட்ச் பண்ணுங்க"ன்னு பதில் வந்தா போனை வெச்சுடாதீங்க. ரெண்டு கேள்வி கேளுங்க. "எத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவ பாக்கட்டும்? எந்த நம்பர் வந்தா திரும்ப கூப்பிடட்டும்?" பல்ஸ் 120 தாண்டினா, மேல் பிபி 100க்கு கீழ போனா, ட்ரெயின் இன்னொரு 100 வந்தான்னு அவர் வாயாலயே ஒரு எல்லைய வாங்கிடுங்க. அடுத்த தடவ கூப்பிடும்போது தயக்கமே இருக்காது, அவர் சொன்ன நம்பர் வந்திருக்கு, அவ்ளோ தான்.

போன்ல ஆர்டர் கொடுத்தா எழுதுங்க, எழுதுனத அப்படியே திரும்ப வாசிச்சு காட்டுங்க, "சரி"ன்னு அவர் சொன்னப்புறம் தான் மருந்த எடுக்கணும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி ரெண்டும் போன்ல ஒரே மாதிரி கேக்கும், அதனால "ஒன் ஃபைவ், பதினஞ்சு மில்லிகிராம்"னு ரெண்டு விதமா சொல்லுங்க. எழுதும்போது 1.0னு எழுதாதீங்க, புள்ளி தெரியலன்னா 10 ஆயிடும், .5னும் எழுதாதீங்க, 0.5னு எழுதுங்க. இன்சுலினுக்கு யூனிட்டுங்கற வார்த்தைய முழுசா எழுதுங்க, வெறும் யூ போட்டா அத பூஜ்யம்னு படிச்சு பத்து மடங்கு போட்டுடுவாங்க, இது உலகம் பூரா தெரிஞ்ச ஆபத்து. பேர் ஒரே மாதிரி கேக்கற மருந்துன்னா எழுத்து எழுத்தா சொல்லுங்க, எதுக்காக கொடுக்கறோம்னும் கேளுங்க. டாக்டர் நேர்ல இருந்தா வாய் வார்த்தை ஆர்டர் வேணாம், எழுதி வாங்கிடுங்க, எமர்ஜென்சி மட்டும் விதிவிலக்கு.

சொல்லியும் கேக்கலன்னா

இது தான் கஷ்டமான இடம், இதுக்கு மட்டும் முன்னாடியே வாக்கியத்த மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோங்க, அந்த நேரத்துல யோசிச்சா வார்த்தை வராது. அமெரிக்காவுல பாதுகாப்புத் துறையும் ஏஎச்ஆர்க்யூங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து 2006ல வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் பயிற்சில மூணு படி சொல்லித் தர்றாங்க, நான் அத நம்ம பேச்சுல இப்படி வெச்சுக்குவேன். முதல்ல, "எனக்கு கவலையா இருக்கு டாக்டர்." கேக்கலன்னா, "எனக்கு இது மனசுக்கு ஒப்பல டாக்டர், ஏன்னா..."ன்னு காரணத்தோட. அப்பவும் நகரலன்னா, "இது பேஷண்ட் சேஃப்டி விஷயம், கொஞ்சம் நிறுத்திட்டு பாக்கலாம்." அதே பயிற்சில, ஒரு தடவ சொல்லி பதில் வரலன்னா ரெண்டாவது தடவ சொல்லியே ஆகணும்னும் இருக்கு. காரணம் சாதாரணமானது, முதல் தடவ அவர் காதுல விழாமலே கூட இருந்திருக்கலாம்.

ரெண்டு தடவ சொல்லியும் பிரயோஜனம் இல்லன்னா மேல போங்க. இன்சார்ஜ் சிஸ்டர், சீனியர் டாக்டர், ரேபிட் ரெஸ்பான்ஸ் டீம் இருந்தா அவங்க. போறதுக்கு முன்னாடி அவர்கிட்டயே சொல்லிட்டு போங்க: "டாக்டர், நீங்க சொன்னது புரியுது, எனக்கு இன்னும் கவலை தீரல, அதனால இன்சார்ஜ் சிஸ்டர்கிட்டயும் சீனியர்கிட்டயும் சொல்லப்போறேன்." முதுகுக்கு பின்னாடி போனா அது கோள் சொல்ற மாதிரி ஆயிடும், முகத்துக்கு நேரா சொல்லிட்டு போனா அது முறை. பல நேரம் இத சொன்னவுடனே அவரே வந்துடுவார்.

ஆர்டர் தப்பா இருக்கோன்னு தோணினா, கேள்வியா கேளுங்க, ஆனா கேள்விக்குள்ள ஆதாரம் இருக்கணும். "இது சரியா சார்?"னு மட்டும் கேட்டா "சரி தான்"னு பதில் வந்துடும். "சார், இவங்களுக்கு பெனிசிலின் அலர்ஜின்னு கேஸ் ஷீட்ல இருக்கு, போன தடவ மூச்சு திணறல் வந்ததாம், இப்ப அமாக்ஸிசிலின் எழுதியிருக்கு, மாத்தறீங்களா?"ன்னு கேட்டா அவரால தாண்டி போக முடியாது. சந்தேகம் தீர்ற வரைக்கும் மருந்த நிறுத்தி வைக்கலாம், ஃபார்மசிஸ்ட்கிட்ட கேக்கலாம், அவங்க இந்த விஷயத்துல பெரிய துணை, நாம தான் சரியா பயன்படுத்திக்கறதில்ல. சில விஷயத்துல பேச்சுக்கே இடமில்ல, பொட்டாசியம் குளோரைடை கலக்காம நேரா நரம்புல போட சொன்னா யார் சொன்னாலும் போடக்கூடாது, இதயம் நின்னுடும். "மன்னிக்கணும் டாக்டர், என்னால இத கொடுக்க முடியாது, டைல்யூட் பண்ணி பம்ப்ல எவ்ளோ வேகம்னு எழுதி கொடுங்க"ன்னு அமைதியா சொல்லுங்க. டாக்டர் சொன்னதால கொடுத்தேங்கறது நர்ஸ காப்பாத்தாது, பேஷண்டையும் காப்பாத்தாது.

யாராவது கத்தினா அந்த இடத்துல பதிலுக்கு கத்தாதீங்க, பேஷண்ட் வேலைய முடிங்க. அப்புறமா தனியா "நேத்து ராத்திரி பேசின விதம் எனக்கு கஷ்டமா இருந்தது, அப்படி பேசினா அடுத்த தடவ ஜூனியர் யாரும் கூப்பிட மாட்டாங்க, பேஷண்டுக்கு தான் ஆபத்து"ன்னு சொல்லுங்க. திரும்பத் திரும்ப நடந்தா எழுத்துல மேல கொடுங்க. நீங்க இன்சார்ஜா இருந்தா, பொய் அலாரமா முடிஞ்ச போனுக்கும் உங்க ஜூனியரை "கூப்பிட்டது நல்லது தான்"னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு எவ்ளோ பலன் இருக்குன்னு அடுத்த நைட் டியூட்டில தெரியும்.

டியூட்டி ஓவர் கொடுக்கும்போது

ஓவர்னா ஷிஃப்ட் முடியும்போது அடுத்து வர்றவங்ககிட்ட பேஷண்ட ஒப்படைக்கறது. அதுல "ஸ்டேபிள்", "ஸ்பெஷலா ஒன்னும் இல்ல" இந்த ரெண்டு வார்த்தையையும் விட்டுடுங்க. பெட் பக்கத்துல நின்னு கொடுங்க, வாங்குறவங்க டிரிப்பையும் ட்ரெயினையும் கண்ணால பாத்துக்கட்டும். என்ன நடந்ததுன்னு கதையா சொல்றத விட என்ன பாக்கி இருக்கு, எது நடந்தா என்ன பண்ணணும், எனக்கு இவர் விஷயத்துல எது உறுத்துதுன்னு சொல்லுங்க. "பொட்டாசியம் ரிசல்ட் வரல, 8 மணிக்கு வரும், வந்தவுடனே டியூட்டி டாக்டருக்கு சொல்லணும்"னு சொன்னா அது நிஜமான ஓவர். கேட்டவங்க முக்கியமானத திரும்ப சொல்லட்டும். ஐபாஸ்னு ஒரு முறைல இத கட்டாயமா வெச்சிருக்காங்க, 2014ல வெளிவந்த ஆய்வுல 9 குழந்தைகள் மருத்துவமனைகள்ல பயிற்சி டாக்டர்கள் அத பின்பற்றினப்ப மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைஞ்சது. அது டாக்டருங்க ஓவர் தான், ஆனா நமக்கும் பொருந்தாம போக காரணம் எதுவும் எனக்கு தெரியல. பேஷண்ட் முன்னாடி சொல்லக்கூடாத தனிப்பட்ட விஷயத்த மட்டும் தள்ளி வந்து சொல்லுங்க.

உதவியாளருக்கோ ஸ்டூடண்டுக்கோ வேலை கொடுக்கறதும் இதே மாதிரி தான். "டெம்பரேச்சர் பாத்துடு"ன்னு விடாம "5ம் பெட்டுக்கு 10 மணிக்கு பாரு, 38.5க்கு மேல இருந்தா எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து சொல்லு"ன்னு சொல்லுங்க. அளவு எடுக்கறத கொடுக்கலாம், அது என்ன அர்த்தம்னு முடிவு பண்றத கொடுக்க முடியாது, அது உங்க கிட்டயே இருக்கட்டும்.

பேஷண்டும் கூட இருக்கறவங்களும்

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. "வீட்டுக்கு போனப்புறம் இந்த மாத்திரைய எப்படி சாப்பிடுவீங்கன்னு சொல்லுங்க, நான் சரியா சொன்னேனான்னு பாத்துக்கறேன்"னு கேளுங்க. அவங்களுக்கு பரிட்சை வைக்கற மாதிரி இருக்காது, எங்க விட்டுப்போச்சுன்னு உடனே தெரிஞ்சுடும். ஒரே நேரத்துல பத்து விஷயம் சொல்லாதீங்க, எது வந்தா உடனே திரும்ப வரணும்ங்கறத மட்டும் கடைசில இன்னொரு தடவ சொல்லுங்க. மொழி புரியாதவங்களுக்கு வீட்டு குழந்தைய மொழிபெயர்க்க வைக்காதீங்க.

கூட இருக்கற அட்டெண்டர் "இவங்க இன்னைக்கு வேற மாதிரி இருக்காங்க"ன்னு சொன்னா, கைல இருக்கற வேலைய விட்டுட்டு போய் பாருங்க. அவங்களுக்கு அந்த முகம் வருஷக்கணக்கா பழக்கம், நமக்கு நேத்துல இருந்து தான். இங்கிலாந்துல 2024ல இருந்து மார்த்தாஸ் ரூல்னு கொண்டுவந்திருக்காங்க, பேஷண்ட் மோசமாகறார்னு குடும்பத்துக்கு பட்டா அவங்களே வேற டீமை நேரா கூப்பிட்டு பாக்க சொல்லலாம். குடும்பத்தோட பேச்சை கேக்காம விட்டதுல ஒரு சின்ன பொண்ணு உயிர் போனப்புறம் வந்த விதி அது.

கெட்ட செய்திய டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி அவங்க உங்ககிட்ட தான் கேப்பாங்க. "ஒன்னும் ஆகாது, எல்லாம் சரியாயிடும்"னு சொல்லிடாதீங்க, பின்னாடி உங்க எந்த வார்த்தையையும் நம்ப மாட்டாங்க. "ரிப்போர்ட்ட பத்தி டாக்டர் தான் விளக்கணும், 11 மணிக்கு வர்றார், அப்ப நானும் கூட இருக்கேன். இப்ப உங்களுக்கு எது ரொம்ப பயமா இருக்கு?"ன்னு கேளுங்க, அப்புறம் பேசாம கேட்டுட்டு இருங்க. கோவத்துல இருக்கறவங்களுக்கும் கிட்டத்தட்ட இதே தான், உக்காந்து பேசுங்க, அடுத்த தகவல் எத்தன மணிக்குன்னு சொல்லுங்க, தகவல் இல்லன்னாலும் அந்த மணிக்கு போய் "இன்னும் வரல"ன்னு சொல்லுங்க. கை ஓங்கற நிலைமைன்னா மட்டும் தனியா நிக்காதீங்க, கதவு பக்கம் நின்னு செக்யூரிட்டிய கூப்பிடுங்க.

எழுதறது

பாத்தத எழுதுங்க, அபிப்பிராயத்த எழுதாதீங்க. "ஒத்துழைக்காத பேஷண்ட்"னு எழுதினா அடுத்த ஷிஃப்ட்காரங்க அவரை அதே கண்ணால பாப்பாங்க. "இரவு 8 மணி மாத்திரை வேண்டாம் என்றார், சாப்பிட்டால் குமட்டுகிறது என்றார், டாக்டருக்கு தெரிவிக்கப்பட்டது"னு எழுதினா குமட்டலுக்கு யாராவது மருந்து கொடுப்பாங்க. செய்யறதுக்கு முன்னாடியே செஞ்சதா எழுதக்கூடாது. விட்டுப்போனத பின்னாடி எழுதினா இப்ப என்ன மணியோ அதப் போட்டு, தாமதமான பதிவுன்னு குறிச்சு எழுதுங்க, வரிகளுக்கு நடுவுல நுழைக்காதீங்க, தப்பா எழுதினத ஒத்தக்கோடு போட்டு கையெழுத்து போடுங்க, அடிச்சு மறைக்காதீங்க. யார் மேல தப்புங்கற சண்டைய கேஸ் ஷீட்ல எழுதாதீங்க, அதுக்கு இன்சிடென்ட் ரிப்போர்ட் தனியா இருக்கு.

டாக்டரை கூப்பிட்டதுக்கு பதிவு இப்படி இருக்கலாம்: "02.10 – பல்ஸ் 112, பிபி 104/74, மூச்சு 24, ட்ரெயின் ஒரு மணி நேரத்தில் 180 மி.லி சிவப்பு, யூரின் 2 மணி நேரத்தில் 35 மி.லி. 02.14 – டியூட்டி டாக்டருக்கு போனில் மேற்கண்டவை தெரிவிக்கப்பட்டு, நேரில் வர கேட்கப்பட்டது. ஹீமோகுளோபின், க்ராஸ் மேட்ச் ரத்தம் எடுக்க ஆர்டர், திரும்ப வாசித்து உறுதி செய்யப்பட்டது. 02.18 – ரத்தம் அனுப்பப்பட்டது. 02.25 – டாக்டர் வந்து பார்த்தார்." வராம இருந்தா வரலன்னும், திரும்ப எத்தன மணிக்கு யாரை கூப்பிட்டீங்கன்னும் அதே மாதிரி மணி போட்டு எழுதுங்க. அதுக்கப்புறம் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ எடுத்த வைட்டல்ஸும் அதுக்கு கீழயே வரிசையா இருக்கணும், காலைல வர்றவங்க அந்த பக்கத்த மட்டும் படிச்சாலே ராத்திரி பூரா என்ன நடந்ததுன்னு அவங்களுக்கு தெரியணும்.